பழஞ்சுவர்களுக்குப் புதுவாழ்வு தந்த கட்டடக் கலைஞர் இராபர்ட் சிசோம்

அறம் ஒன்றை நிறுவிய நம் பண்டை அரசர்கள் அதனைக் கல்லில் வெட்டுவித்தபோது, இறுதியில் ஒரு வேண்டுகோளையும் சேர்த்து வெட்டுவித்தனர். இவ்வறத்தைக் காப்பவன் எவனாயினும் அவன் அடி தம் தலைமேல் இருப்பதாகுக என்பதே அவ்வேண்டுகோளின் கருத்து. முடியணிந்த தலை, பின்னாளில் வரப்போகும் முகமறியா ஒருவனின் அடிக்குத் தாழ்கிறது. கட்டியவனைப் போலவே காத்தவனும் போற்றத்தக்கவன் என்னும் உண்மையை இதனினும் அழகாகச் சொல்லுதல் அரிது.

ஆயினும் உலகம் கட்டியவர் பெயரையே நினைவில் வைத்திருக்கிறது. பாழடைந்த மாளிகையைப் பழுது நீக்கி, அதற்கு ஏற்றதொரு புதுப்பணியைத் தேடித்தந்து, மேலும் நூறாண்டு நிற்கச் செய்தவரை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய ஒருவரின் வாழ்வை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். சென்னைக் கடற்கரைச் சாலையில் செல்லும் எவரும் காணும் செந்நிறக் கட்டடங்களுள் பெருமைமிக்க சிலவற்றிற்கு உருவம் தந்தவர் அவர். இராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம் என்பது அவர் பெயர். அவர் புதிதாகக் கட்டியவற்றைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவர் பழையனவற்றை என்ன செய்தார் என்பதே நம் கட்டுரையின் பொருளாகும்.

இளமையும் வருகையும்

சிசோம் 1840-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். இளமையிலேயே இந்தியாவுக்கு வந்து வங்காளப் பொதுப்பணித் துறையில் பணியேற்றார். கல்கத்தாவில் அவர் பணியாற்றி வந்த காலத்தில், 1864-ஆம் ஆண்டு, சென்னை அரசு ஒரு போட்டியை அறிவித்தது. மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக ஆட்சிமன்ற மண்டபத்திற்கும் சிறந்த வரைபடம் தருவோர்க்குப் பரிசு உண்டு என்பதே அறிவிப்பு. அப்போட்டியில் வென்றவர் இருபத்தைந்து வயதைத் தொடவிருந்த சிசோம் ஆவார். அவ்வெற்றி அவரை 1865-இல் சென்னைக்கு அழைத்து வந்தது. பின்னர் அவர் சென்னை அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞராக உயர்ந்தார்.

மாநிலக் கல்லூரியின் கட்டடம் 1870-இல் நிறைவெய்தியது. அதனை உற்று நோக்குவோர் ஒன்றை எளிதில் உணரலாம். அதன் வடிவம் ஐரோப்பாவினது; இத்தாலிய நாட்டு மாளிகைகளின் சாயல் அதில் மேலோங்கி நிற்கிறது. உதகை நூலகமும், இலவ்டேல் இலாரன்சு பள்ளியும் அவ்வாறே மேலைநாட்டு முறையில் அமைந்தவை. தாம் கற்ற கலையைத் தாம் வந்த நாட்டில் நட்டு வளர்ப்பதே தம் கடன் என அன்றைய ஆங்கிலக் கலைஞர் அனைவரையும் போலவே சிசோமும் தொடக்கத்தில் எண்ணியிருத்தல் கூடும். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு பழைய அரண்மனை. அதன் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

சேப்பாக்கத்து அரண்மனை

கருநாடக நவாபு முகம்மது அலி வாலாஜா, ஆற்காட்டை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர விரும்பி, 1768-ஆம் ஆண்டளவில் சேப்பாக்கத்தில் ஓர் அரண்மனை எழுப்பினார். கிழக்கிந்தியக் கும்பினியின் பொறியாளர் பால் பென்ஃபீல்டு என்பவரே அதனைக் கட்டியவர் என்பது வழிவழி வரும் செய்தி. தெற்கே கலச மகால், வடக்கே உமாயூன் மகால் என இரு பெரும் பகுதிகளாக அது விளங்கியது. கடலை நோக்கிய தோட்டமும், சுற்றுமதிலும், முரசு முழங்கும் வாயிலும் அதற்கு அணி செய்தன. பரப்பளவு 117 ஏக்கர் என்பர். இன்றைய சேப்பாக்கம் துடுப்பாட்டத் திடலும் ஒருகாலத்தில் அத்தோட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

அரண்மனை வளர வளர நவாபின் கடனும் வளர்ந்தது. கும்பினிக்குத் தர வேண்டிய தொகை ஒருபுறம். கும்பினியின் அலுவலர்கள் தனிப்பட்ட முறையில் வட்டிக்குத் தந்த தொகை மறுபுறம். அரண்மனையைக் கட்டியவராகச் சொல்லப்படும் பென்ஃபீல்டே நவாபின் பெருங்கடன்காரர்களுள் ஒருவராகவும் இருந்தார் என்பது வரலாற்றின் கசப்பான முரண். அக்கடன் 1785-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எட்மண்டு பர்க் என்னும் நாவலரின் கடுஞ்சினத்திற்கும் இலக்காயிற்று. முகம்மது அலி 1795-இல் மறைந்தார். திருவல்லிக்கேணியில் கருங்கல்லால் எழுந்த பெரிய பள்ளிவாசல் அவர் குடும்பத்தின் நிலைத்த நினைவாக இன்றும் விளங்குகிறது.

1801-இல் கருநாடக நாட்டின் ஆட்சி முழுவதையும் கும்பினி எடுத்துக்கொண்டது. நவாபிடம் எஞ்சியவை பட்டமும் அரண்மனையும் மட்டுமே. இறுதி நவாபு குலாம் முகம்மது கௌசுகான் 1855-இல் மகப்பேறின்றி மறைந்தபோது பட்டமும் ஒழிக்கப்பட்டது. பின்னர்க் கடனைத் தீர்ப்பதற்கென அரண்மனை ஏலத்திற்கு வந்தது. வாங்கியது அரசே. பட்டத்தைப் பறித்த கைகளே மாளிகையையும் பெற்றுக்கொண்டன.

இவ்வாறு அரசின் கைக்கு வந்த அரண்மனையில் குடியிருப்பார் எவருமில்லை. குடியிருப்பாரற்ற பெருமாளிகை எத்துணை விரைவில் அழியும் என்பதை நம்மூர்ப் பெரியோர் அறிவர். ஓட்டை விழுந்த தளத்தில் ஒரு மழைக்காலம் இறங்கினால் உத்தரம் உளுக்கும். மறு மழைக்காலத்தில் தளம் சரியும். அதன்பின் சுவரில் ஆலும் அரசும் வேர் கொள்ளும். கடற்காற்றின் உப்பு எஞ்சியதை அரிக்கும். அப்படி அழிந்து போகாமல் அரண்மனையைக் காத்தது அதற்குக் கிடைத்த புதுப்பயன்தான். கலச மகாலில் 1862-ஆம் ஆண்டு பொறியியல் கல்லூரி குடியேறியது. பின்னாளில், 1920-இல், கிண்டிக்குப் பெயர்ந்து புகழ்பெற்ற கல்லூரி அதுவே. உமாயூன் மகால் வருவாய் வாரியத்தின் அலுவலகமாயிற்று. இவ்விரண்டையும் இணைத்து அரசின் தேவைக்கு ஏற்பச் சீரமைக்கும் பணி சிசோமிடம் வந்து சேர்ந்தது.

பழமையிடம் பயின்ற பாடம்

1860களின் பிற்பகுதியில் சிசோம் இப்பணியில் ஈடுபட்டார். அவர் முன் மூன்று வழிகள் இருந்தன எனலாம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுதல் ஒன்று. பழையதன் அருகே, அதனோடு ஒட்டாத ஐரோப்பிய முறைக் கட்டடத்தை எழுப்புதல் மற்றொன்று. பழையதன் இயல்பை உணர்ந்து அதன் மொழியிலேயே பேசுதல் மூன்றாவது. சிசோம் மூன்றாம் வழியைத் தேர்ந்தார். கலச மகாலுக்கும் உமாயூன் மகாலுக்கும் இடையே வானளாவ ஒரு கோபுரத்தை எழுப்பி இரண்டையும் ஒன்றாக்கினார். அரண்மனையின் வளைவுகளையும் குமிழ்மாடங்களையும் ஒட்டியே அக்கோபுரத்தின் வடிவை வகுத்தார். அதன்பின் கடற்கரையில் அவர் எழுப்பிய கட்டடங்களும் அரண்மனையின் சாயலையே மேற்கொண்டன.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அரண்மனையைச் சீர்செய்ய வந்த கலைஞரை அரண்மனை சீர்செய்துவிட்டது. இத்தாலிய மாளிகைகளை வரைந்து வந்த கை, அதன்பின் இசுலாமியக் கலையின் வளைவுகளையும் தென்னாட்டுத் தூண்களையும் வரையலாயிற்று. 1874-இல் தொடங்கி 1879-இல் நிறைவெய்திய பல்கலைக்கழக ஆட்சிமன்ற மண்டபத்தை மாநிலக் கல்லூரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே போட்டியில் பிறந்த இரு கட்டடங்கள் அவை. இடையே பத்தாண்டுக்கும் குறைவான இடைவெளி. ஆனால் முன்னது ஐரோப்பாவைப் பார்த்து நிற்கிறது; பின்னது சேப்பாக்கத்து அரண்மனையைப் பார்த்து நிற்கிறது. இந்தோ சாரசெனிக் என அறிஞர் வழங்கும் கலப்புப் பாணி சென்னையில் வேர் கொண்டது இவ்வாறே. பழையதைக் காத்தல் என்பது பழையதற்கு மட்டும் செய்யும் உதவி அன்று. புதியதற்கும் அதுவே வித்தாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அந்நாளில் ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, 1866 முதல் 1872 வரை சென்னையை ஆண்டவர். இந்நாட்டுக் கட்டடக் கலையின் அருமையை உணர்ந்து அதனைப் பின்பற்ற வேண்டுமென வெளிப்படையாக வாதிட்டவர் அவர். அத்தகையவரின் ஆதரவு சிசோமுக்குக் கிடைத்தது நற்பேறாயிற்று.

மதுரையில் செய்த பணி

நேப்பியரின் நாட்டம் மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையின்பாலும் சென்றது. 1623 முதல் 1659 வரை அரசாண்ட திருமலை நாயக்கர் எழுப்பிய அவ்வரண்மனை, அவர்தம் பேரர் சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டது. அதன் மரமும் கல்லும் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டன. எஞ்சியது நான்கில் ஒரு பங்கே என்பர். அதுவும் கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்தது. சுற்றிலும் நெருங்கிய தெருக்கள். இடையே பிளவுண்ட மாடங்களும் சாய்ந்த தூண்களும்.

அதனைப் பழுது பார்க்கும் பொறுப்பை அரசு மேற்கொண்டபோது சிசோம் அப்பணியில் முதன்மை பெற்றார். அவ்வரண்மனையைப் பற்றி ஆராய்ந்து, இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர் கழகத்தில் கட்டுரையும் வழங்கினார். சொர்க்க விலாசம் எனப்படும் பெருமுற்றத்தைச் சூழ்ந்த தூண்களும், செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும் கொண்டு எழுந்த வளைவுகளும் வலுவூட்டப்பட்டன. பழுது நீங்கிய அரண்மனை மாவட்ட நீதிமன்றத்திற்கு இருப்பிடமாயிற்று. ஏறத்தாழ நூறாண்டு, 1970 வரை, வழக்காடுவோரும் வழக்குரைப்போரும் அம்மண்டபங்களில் நடந்தனர். இன்று அது அரசின் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. இடைப்பட்ட அந்நூறாண்டில் அங்கே நீதிமன்றம் இல்லாதிருந்தால், காப்பதற்கு எதுவும் எஞ்சியிருந்திராது என்றே நாம் கருதுகின்றோம்.

அமீர் மகால்

சிசோமின் வாழ்வில் நம் உள்ளத்தை மிகவும் தொடும் பணி இராயப்பேட்டையில் நிகழ்ந்தது. பட்டம் இழந்த நவாபு குடும்பத்தின் உரிமைக்குரல் நெடுங்காலம் ஒலித்தது. அதன் பயனாக, இறுதி நவாபின் சிறிய தந்தையார் அசீம் ஜா 1867-இல் ஆற்காட்டு இளவரசர் என ஏற்கப்பட்டார். நாடில்லாத பட்டம், ஆயினும் மதிப்புக்குரிய பட்டம். பட்டம் தந்த அரசு வாழ்வதற்கு ஓர் இல்லமும் தர வேண்டியதாயிற்று. சேப்பாக்கத்தைத் திருப்பித் தருவதற்கு அரசு ஆயத்தமாக இல்லை. மாற்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது இராயப்பேட்டையில் இருந்த ஒரு பழைய கட்டடம். 1798-இல் கும்பினியின் அலுவலகத்திற்கென எழுந்து, பின்னர்க் காவல் நீதிமன்றமாகவும் பயன்பட்ட கட்டடம் அது.

அந்த அலுவலகத்தை அரண்மனையாக மாற்றும் பணியும் சிசோமிடமே ஒப்படைக்கப்பட்டது. எழுத்தர்கள் அமர்ந்த கூடங்கள் விருந்தினர் கூடங்களாயின. வழக்குகள் நடந்த இடத்தில் தர்பார் மண்டபம் அமைந்தது. 1876-ஆம் ஆண்டு, திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருந்த சாதி மகாலிலிருந்து இளவரசர் குடும்பம் அங்கே குடியேறியது. அமீர் மகால் என்னும் பெயருடன் இன்றளவும் அக்குடும்பத்தின் இல்லமாக அது விளங்குகிறது.

ஒரே கலைஞர், ஒரே காலத்தில், ஒரே குடும்பத்தின் அரண்மனையை அலுவலகமாக்கினார்; மற்றோர் அலுவலகத்தை அக்குடும்பத்திற்கே அரண்மனையாக்கினார். உலகக் கட்டடக் கலை வரலாற்றில் இதற்கிணையானதோர் இரட்டை நிகழ்ச்சியை எளிதில் காண்டல் இயலாது. இதனை நினைக்குந்தோறும் நம் நெஞ்சில் இரண்டு உணர்வுகள் எழுகின்றன. கலைஞரின் திறத்தை வியக்கும் உணர்வு ஒன்று. கடலைப் பார்த்திருந்த குடும்பம் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளப்பட்டதே என்னும் வருத்தம் மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் வரலாற்றுக்குச் செய்யும் அறமாகாது.

சிசோம் ஆட்சியாளரின் ஊழியர். பறித்த மாளிகையை ஆட்சியாளரின் பயனுக்கு ஏற்றவாறு அமைத்துக் கொடுத்தவர். அவர் எழுப்பிய கோபுரமும் பின்னாளில் வளாகத்தில் பெருகிய அலுவலகங்களும் சூழ, அது நவாபின் அரண்மனை என்பதே மக்கள் நினைவிலிருந்து மங்கியது. தாம் வரிசையில் நின்று மனுக் கொடுக்கும் இடம் ஒரு காலத்தில் தர்பார் நடந்த இடம் என்பதை அறியாமலே எத்தனையோ பேர் அங்கு வந்து சென்றனர். எனவே புதுப்பயன் சுவரைக் காக்கும். ஆனால் பெயரைத் தானாகக் காக்காது. பெயரைக் காப்பது நாம் முயன்று செய்ய வேண்டிய தனிப்பணி. இதுவே சேப்பாக்கம் நமக்குக் கற்பிக்கும் இரண்டாவது பாடம்.

பிற பணிகள்

சிசோமின் பிற பணிகளைச் சுருங்கக் கூறி மேற்செல்வோம். 1850-இல் அலெக்சாண்டர் அண்டர் தொடங்கிய சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைமையைச் சில ஆண்டுகள் ஏற்றார். உள்ளூர்க் கொத்தர், தச்சர், சுதை வேலைப்பாட்டாளர் ஆகியோரின் கைத்திறன் அவர்தம் கட்டடங்களில் எங்கும் புலனாகிறது. திருவனந்தபுரத்தில் 1880-இல் நிறைவெய்திய நேப்பியர் அருங்காட்சியகத்தில் கேரளத்துச் சரிகூரைகளை அழகுற அமைத்தார். அங்கே முன்பிருந்த அருங்காட்சியகக் கட்டடம் இடிக்கப்பட்டே புதியது எழுந்தது என்பதையும் நேர்மையுடன் குறிப்பிட வேண்டும். எல்லாப் பழையதும் எப்போதும் காக்கப்பட்டதில்லை.

சென்னை அண்ணா சாலையின் பி. ஆர் நிறுவனக் கட்டடம், கடற்கரைச் சாலையின் தலைமை அஞ்சலகம், 1888 முதல் 1890 வரையில் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரால் கட்டப்பெற்ற விக்டோரியா பொதுமண்டபம் ஆகியனவும் சிசோமின் வரைவுகளே. பரோடாவில் இலட்சுமி விலாச அரண்மனையைத் தொடங்கிய சார்லசு மாண்ட் 1881-இல் இறந்துபட, அதனை 1890-இல் முடித்துத் தந்தவரும் இவரே. பரோடாக் கல்லூரிக்கென அவர் அமைத்த பெருங்குமிழ்மாடம் பீசப்பூர்க் கோல்கும்பாவை நினைவூட்டும். சென்னையில் அவர் வகித்த இடத்தைப் பின்னர் என்றி இர்வின் ஏற்றுச் சிறப்புச் செய்தார்.

முதுமையில் சிசோம் தாயகம் திரும்பினார். இலண்டன் சுலோன் தெருப்பகுதியில் கிறித்தவ அறிவியல் சபையினர்க்காக ஒரு தேவாலயம் வரைந்தார். அது 1907-இல் எழுந்தது. அதன் வெண்கல் கோபுரத்தில் கீழைத்திசையின் சாயல் படிந்துள்ளது. 1915-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

கலைஞரின் கட்டடமே கண்ட புதுவாழ்வு

வாழ்வு அத்துடன் முடிந்தது, கதை முடியவில்லை. அத்தேவாலயத்திற்கு வருவோர் தொகை ஆண்டுதோறும் குறைந்தது. 1990களில் அது முற்றிலும் வெறுமையாயிற்று. பெருஞ்செல்வர் ஒருவர் அதனை வாங்கி மாளிகையாக்கக் கருதினார். ஆயினும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அது இடம்பெற்றிருந்தமையால் அவ்வெண்ணம் ஈடேறவில்லை. 2000-இல் கடோகன் பண்ணை நிறுவனம் அதனை வாங்கி, இசையரங்காக மாற்றியது. 2004-ஆம் ஆண்டு கடோகன் மண்டபம் என்னும் பெயரால் அது திறக்கப்பட்டது. ஏறத்தாழ 950 பேர் அமரும் அவ்வரங்கம் இராயல் ஃபில்லார்மோனிக் இசைக்குழுவின் இல்லமாயிற்று. பிறர் கட்டியவற்றுக்குப் புதுப்பயன் கண்டவரின் கட்டடத்துக்குப் பிறர் புதுப்பயன் கண்டனர். செய்த அறம் திரும்பி வரும் என்பது இதுதான் போலும்.

இனிச் சேப்பாக்கத்துக்கு மீள்வோம். 2012-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு நள்ளிரவில் கலச மகாலில் தீப்பற்றியது. மரத்தளங்கள் சரிந்தன. தீயணைப்புப் பணியில் ஈடுபட்ட அலுவலர் ஒருவர் தம் இன்னுயிரை ஈந்தார். கரிந்த சுவர்கள் கூரையின்றி நின்றன. இனி இடிப்பதே வழி என்ற குரலும் எழாமல் இல்லை. ஆனால் மீட்க வேண்டும் என்ற குரலே இறுதியில் வென்றது. பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே பணியை மேற்கொண்டது. சிமெண்டுக்கு மாறாகச் சுண்ணாம்பு. அதனோடு கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சாந்திட்டு இறுக்கும் மதராசுத் தளம். மறக்கப்பட்டிருந்த கைவேலை அறிந்த முதிய கொத்தர்களின் அறிவுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. இன்று கலச மகாலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடைபெறுகிறது. உமாயூன் மகாலும் அதன்பின் சீரமைக்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள்: அரசர் உறைந்த இல்லம், மாணவர் பயின்ற கல்லூரி, கோப்புகள் குவிந்த அலுவலகம், தீயுண்ட எலும்புக்கூடு, ஆற்றுக்கும் காட்டுக்கும் நீதி வழங்கும் மன்றம். ஒரே சுவர்கள் ஐந்து பிறவி எடுத்துள்ளன.

நமக்குரிய படிப்பினை

இவ்வாழ்க்கையை நம் மாணவச் செல்வங்கட்கும் சமுதாயப் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதில் நமக்கொரு நோக்கம் உண்டு. நம் ஊர்களின் நடுவே நூறாண்டு கண்ட வீடுகளும், வணிகர்தம் பண்டகசாலைகளும், வழிப்போக்கர் தங்கிய முசாபர்கானாக்களும், அறக்கொடையாக எழுதி வைக்கப்பட்ட மாடிவீடுகளும் இருக்கின்றன. அவற்றுள் பல பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பலராகி எவரும் பார்ப்பாரின்றிச் சிதைவனவும் உண்டு. இத்தகையவற்றைப் பற்றிப் பேச்செழுந்தால், இடித்துவிட்டு அடுக்குக் கடைகள் கட்டினால் வாடகை வரும் என்பதே நாம் கேட்கும் முதற்குரலாக உள்ளது.

வாடகை வேண்டியதே. அறக்கட்டளைகள் வருவாயின்றி இயங்கா. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் இடிப்பதற்கு முன் சில வினாக்களைக் கேட்டல் தகும். தளம் ஒழுகுகிறதா, அன்றிச் சுவரே சாய்ந்ததா? தளம் மட்டும் எனில் அதனை மாற்ற இயலும். சுவர் இரண்டடி மூன்றடிக் கனத்தில் உறுதியாக நிற்கிறதா? அங்ஙனமாயின் புதிதாக எழுப்பும் சுவர் அத்துணைக் காலம் நிற்குமா? அக்கூடத்தில் ஒரு நூலகமோ, பெண்கள் பயிலும் தொழிற்பயிற்சி நிலையமோ, மாணவர் விடுதியோ, மருத்துவமனையோ அமையுமா? அமையுமெனில் வருவாய்க்கு வழியும் உண்டு. நினைவுக்கு இடமும் உண்டு.

பழுது பார்ப்போர் மற்றொன்றையும் மனங்கொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை ஏற்று வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் செங்கல்லை அரிக்கும். நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்வோர் பலர் இவ்வாறே செய்கின்றனர். அதுபோலவே, தாங்கும் வலிமைக்கு மீறிய சுமையைப் பழைய தளங்களின் மேல் ஏற்றுதலும், காய்ந்த மரத்தின் மீது கருதாமல் மின்கம்பிகளை இழுத்தலும் கேட்டினை விளைக்கும். பழைய கட்டடத்திற்குப் புதுப்பணி தருவது, முதிய பெரியவருக்கு வீட்டில் ஒரு பொறுப்புத் தருவதைப் போன்றது. அவரால் இயன்ற பணியைத் தந்தால் அவர் ஆயுள் நீளும். இயலாததைச் சுமத்தினால் குறையும்.

இறுதியாக ஒன்று. கட்டியவர் பெயரை வாயிலில் எழுதி வைத்தல் வேண்டும். எவர் கட்டினார், எவர் கொடையளித்தார், இதற்குமுன் இஃது எதுவாக இருந்தது என்பதை ஒரு கல்லில் பொறித்தல் பெருஞ்செலவன்று. சேப்பாக்கத்தில் நெடுங்காலம் நிகழாதது நம் ஊர்களிலேனும் நிகழட்டும். தமிழ்நாடு அரசு 2012-ஆம் ஆண்டு மரபுச் சின்னங்கள் ஆணையத்திற்கெனச் சட்டமும் இயற்றியுள்ளது. எனினும் சட்டம் எல்லாத் தெருவுக்கும் வாராது. ஒவ்வொரு தெருவிலும் இருப்பவர்கள் நாமே.

தமிழ்த்துறை மாணவர்கள் தத்தம் ஊரின் பழைய கட்டடம் ஒன்றைத் தேர்ந்து, அதன் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதி வருவாராயின், அதுவே இப்பணியின் முதற்படியாகும். எழுதப்பட்ட கட்டடத்தை இடிக்கும் கை ஒரு கணம் தயங்கும். அத்தயக்கத்தில்தான் பல மாளிகைகள் பிழைத்துள்ளன. சிசோம் கடல்கடந்து வந்த அயலார். நம் மொழி அவருக்குத் தாய்மொழி அன்று. அவர் ஊழியம் செய்தது நம்மை ஆண்டவர்க்கு. அவரே நம் பழஞ்சுவர்களின் அருமையை உணர்ந்து அவற்றிடம் பாடம் கேட்டார் எனின், அச்சுவர்களின் உரிமையாளராகிய நாம் எத்துணைக் கேட்க வேண்டும்! காப்பவன் அடியைத் தம் தலைமேல் தாங்க முன்னோர் காத்திருக்கின்றனர். அப்பெருமைக்கு உரியவராவது நம் கையில் உள்ளது.